பழைய வீடியோ டெக், கேமரா: ரிப்பேர் பண்ணலாமா, காயலான் கடைக்குப் போடலாமா?



போன மாசம் நம்ம சேனலுக்கு ஒரு மெயில் வந்தது. மதுரைப் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு எலக்ட்ரானிக்ஸ்னா உயிர். ஊர்ல ரொம்ப வருஷமா ஓடின ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவைக் காலி பண்ணும்போது, காயலான் கடைக்குப் போக இருந்த சாமான் மொத்தத்தையும் 18,000 ரூபாய் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துட்டார்.

வந்த சாமான் இதுதான்: தோள்ல வெச்சு எடுக்கிற பானாசோனிக் விஎச்எஸ் கேமரா ரெண்டு, சாதாரண விஎச்எஸ் டெக் நாலு, எஸ்-விஎச்எஸ் டெக் ஒண்ணு, ஹை8 ஹேண்டிகேம் ஒண்ணு, மினி டிவி ஹேண்டிகேம் ஒண்ணு, வீடியோ மிக்ஸர் ஒண்ணு, டிவிடி ரெக்கார்டர் ஒண்ணு, 14 இஞ்ச் பிக்சர் டியூப் மானிட்டர் ரெண்டு, ஒரு மூட்டை ஒயர், ஒரு அட்டைப் பெட்டி நிறைய கேசட்.

மெக்கானிக் வந்து பார்த்துட்டு, "எல்லாத்தையும் ஓட வெச்சிடலாம், 26,500 ஆகும்"னு சொல்லியிருக்கார். கேமரா ரெண்டும் சேர்த்து 9,000, எஸ்-விஎச்எஸ் டெக் 5,500, நாலு டெக்குக்கும் சேர்த்து 6,000, ஹை8 கேமரா 3,500, மிக்ஸர் 2,500. டிவிடி ரெக்கார்டர் டிஸ்க்கைப் படிக்கலை, அதைத் தூக்கிப் போடச் சொல்லிட்டார். மினி டிவி கேமராவுக்கு அடாப்டர் இல்ல, அதனால அதைப் பார்க்கவே இல்ல.

சகோதரியோட கேள்வி இது: "18,000 போட்டாச்சு சார். இப்போ நிறுத்தினா அது வேஸ்ட். இன்னும் 26,500 போட்டா பழைய கேசட்டை பென் டிரைவ்ல ஏத்திக் கொடுக்கிற தொழில் ஆரம்பிக்கலாம்னு இவர் சொல்றார். கையில இருக்கிறது ஜூன் மாசம் கட்ட வேண்டிய ஸ்கூல் ஃபீஸ் பணம். குடுக்கலாமா?"

அவங்ககிட்ட அனுமதி வாங்கி, ஊர் பேர் இல்லாம இந்தக் கணக்கை இங்கே எழுதறேன். பழைய வீடியோ சாமான்னு இல்ல, பழைய கிரைண்டர், பழைய பைக், தாத்தா விட்டுட்டுப் போன ரேடியோ, எதுக்கும் இதே முறைதான். ஆனா வீடியோ சாமான்ல சில விசேஷமான சிக்கல்கள் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்காம கணக்கு போட முடியாது.

முதல்ல அந்த 18,000-ஐ எடுத்து ஓரமா வைங்க

"போட்ட காசு வீணாகிடுமே" என்பதுதான் இந்த மெயிலோட மையம். போட்ட காசு போட்டதுதான். இன்னிக்கு நீங்க ரிப்பேர் பண்ணினாலும், பண்ணாட்டியும், அந்த 18,000 செலவானது செலவானதே. இனிமேல் போகப் போற பணமும் இனிமேல் வரப் போற பணமும் மட்டும்தான் இப்போ எடுக்கிற முடிவுக்குள்ள வரணும்.

இன்னொரு தப்பான பழக்கம் உண்டு. மொத்தமா வாங்கின சாமானை எண்ணிக்கையால வகுக்கிறது. மூட்டையையும் பெட்டியையும் விட்டுட்டா 13 சாமான், 18,000 வகுத்தா ஒண்ணு சுமார் 1,385 ரூபாய். உடனே மனசு, "1,385-க்குக் கீழே எதையும் விக்க மாட்டேன்"னு சொல்ல ஆரம்பிச்சிடும். அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஒரு உடைஞ்ச மானிட்டரும் ஓடுற எஸ்-விஎச்எஸ் டெக்கும் எப்படி ஒரே விலையாகும்? எங்க கணக்கியல்ல கையிருப்புச் சரக்கை வாங்கின விலை, இன்னிக்கு வித்தா கைக்கு வர்ற தொகை, இந்த ரெண்டுல எது குறைவோ அதுலதான் எழுதணும்னு ஒரு விதி இருக்கு. மனுஷனுக்கு வாங்கின விலை மேல இருக்கிற பாசத்தைத் தெரிஞ்சவங்கதான் அதை எழுதியிருக்கணும்.

ரிப்பேருக்கு முன்னாடி கேசட்டை எண்ணுங்க

மெக்கானிக் என்ன கேள்விக்குப் பதில் சொன்னார்? "எது எதை ஓட வைக்க முடியும்?" அது அவர் தொழில். உங்க கேள்வி வேற: "எது ஓடினா எனக்கு வேலை நடக்கும்?"

சகோதரிகிட்ட ஒரே ஒரு தகவல் கேட்டேன். இன்னிக்கு, உறுதியா, காசு கொடுத்து மாத்திக்கத் தயாரா இருக்கிறவங்க கையில எத்தனை கேசட் இருக்கு? "ஊர்ல எல்லார் வீட்டுலயும் கல்யாண கேசட் இருக்கு சார்"னு முதல் பதில் வந்தது. அது வேண்டாம், பேரும் எண்ணிக்கையும் வேணும்னு சொன்னேன். ரெண்டு நாள் சொந்தக்காரங்க, பழைய ஸ்டுடியோ கஸ்டமர்னு போன் பண்ணி எண்ணிட்டாங்க. மொத்தம் 31 கேசட். அதுல விஎச்எஸ் 24, மினி டிவி 5, ஹை8 2. கேசட்டுக்கு 350 ரூபாய் தர ஒத்துக்கிட்டாங்க.

இப்போ பாருங்க, முடிவு பாதி தானாவே வந்துடுச்சு. ஹை8 கேமராவை 3,500 போட்டு ரிப்பேர் பண்ணினா அதுல ஓடப் போறது ரெண்டே கேசட், வருமானம் 700 ரூபாய். அந்த ரெண்டையும் வெளியில வேற யார்கிட்டயாவது கொடுத்து மாத்திக் கொடுத்துடலாம். 1980-களோட கடைசியில இருந்து 90-களோட நடுவரை வந்த சின்னக் கேமராக்கள்ல இன்னொரு வியாதியும் உண்டு. போர்டுல ஒட்டியிருக்கிற குட்டிக் குட்டி கெபாசிட்டர் (மெக்கானிக்குகள் வாயில 'கண்டன்சர்') கசிஞ்சு, அந்தத் திரவம் செம்புக் கோடுகளை அரிச்சிடும். கவரைத் திறந்தா மீன் நாத்தம் மாதிரி ஒரு வாடை வரும். அந்த வேலைக்குப் பொறுமையான கை வேணும், டஜன் கணக்குல மாத்தணும், மாத்தினாலும் உத்தரவாதம் இல்ல.

விஎச்எஸ் 24 கேசட். சராசரியா ரெண்டு மணி நேரம்னு வெச்சா 48 மணி நேரம். பழைய டேப்பை வேகமா ஓட்டி காப்பி பண்ண முடியாது. மூணு மணி நேரக் கேசட்டுக்கு மூணு மணி நேரம் ஆகும். ரெண்டு டெக் இருந்தா ஒரு வாரம், பத்து நாள் சாயந்திர வேலை. அப்போ நாலு டெக் எதுக்கு? ரெண்டு போதும்.

நாலு டெக்ல ரெண்டு எப்படி வரும்?

வீடியோ டெக் என்பது பாதி எலக்ட்ரானிக்ஸ், பாதி கடிகாரம் மாதிரி மெஷின். உள்ளே சுத்துற டிரம், நம்ம ஊர் பால் முறையில, ஒரு நொடிக்கு 25 சுத்து சுத்தும். அதுல பதிச்சிருக்கிற ஹெட் தேய்ஞ்சுட்டா புதுசு கிடைக்காது. கடைசியா விசிஆர் தயாரிச்சிட்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. இனிமே ஸ்பேர் என்றால் இன்னொரு பழைய டெக்தான். அதனால ஒரே மாடல்ல ரெண்டு டெக் இருக்கிறது, வேற வேற மாடல்ல மூணு இருக்கிறதைவிட மதிப்பு ஜாஸ்தி.

இவங்க அதிர்ஷ்டம், நாலுல ரெண்டு ஒரே மாடல். ஒண்ணுல பவர் சப்ளை போயிருக்கு, ஹெட் நல்லா இருக்கு. இன்னொண்ணுல பவர் வருது, படம் பூரா புள்ளி. ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்கினா செலவு பெல்ட்டும் கூலியும்: 400 ரூபாய். மூணாவது டெக் கேசட்டை இழுத்துக்கிட்டுப் போகுது, சத்தம் வருது, படம் வரலை. இது பெரும்பாலும் ஹெட்ல அழுக்கு. சுத்தம் பண்ண 300 கேட்டார். (நீங்களே பண்றதா இருந்தா: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச நூல் பிரியாத துணி அல்லது கெட்டிக் காகிதத்தை அசையாமப் பிடிச்சு, டிரம்மைத்தான் கையால மெதுவா சுத்தணும். மேலும் கீழும் தேய்ச்சா ஹெட் முனை உடைஞ்சிடும். காதுக்குப் போடுற பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், நூல் மாட்டிக்கும்.)

நாலாவது டெக்கைத் திறக்கவே வேண்டாம்னு சொல்லிட்டேன். பார்ட்ஸுக்கு மூலையில இருக்கட்டும்.

ஆக 6,000 ரூபாய் வேலை 700-ல முடிஞ்சது.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லிடறேன். ஆடிட்டர் புத்தி விடாது. மெஷினுக்குத் தேய்மானம் வருஷக் கணக்குல போடுவோம். இந்த மாதிரி ஹெட்டுக்கு அது பொருந்தாது, ஓடுற மணிக் கணக்குலதான் தேயும். கேசட்டை மாத்த கேட்கிற 350-ல ஒரு பங்கு அந்த ஹெட்டோட ஆயுசுக்கான விலை. அதனால சும்மா படம் பார்க்க அந்த டெக்கை ஓட்டாதீங்க.

கேமரா, மிக்ஸர்: ஓடணும்னு யார் சொன்னது?

9,000 ரூபாய் ரிப்பேர் கேட்ட தோள் கேமராவுக்கு வருவோம். அந்தக் காலத்துல கல்யாண மண்டபத்துல பெரிய லைட்டோட இந்தக் கேமரா நுழைஞ்சா சொந்தபந்தம் எல்லாம் தலை வாரிக்கும். இன்னிக்கு அதை ஓட வெச்சு யார் எடுக்கப் போறாங்க? கேசட் போட்டுப் பார்க்கவும் டெக் இருக்கு.

அதுக்கு ஆள் எங்கே இருக்காங்க? 80, 90-கள்ல நடக்கிற கதைக்குச் செட் போடுற கலை இயக்குநர்கள், அவங்களுக்கு வாடகைக்குச் சாமான் விடுற கடைகள், பழைய பொருளை அலங்காரத்துக்கு வைக்கிற காபி ஷாப், ஃபோட்டோ பூத் வைக்கிறவங்க. இவங்க யாருக்கும் அது ஓட வேண்டாம், பார்க்க முழுசா இருந்தா போதும். கண் வைக்கிற ரப்பர், மைக், லென்ஸ் மூடி, தோள் பட்டை எல்லாம் இருக்கணும். அப்போ 9,000 போட்டு உள்ளே சரி பண்ணினா விலை ஒரு ரூபாய்கூட ஏறாது. ஈரத் துணியால துடைக்கிறதுதான் இங்கே லாபமான ரிப்பேர். சென்னையில ஒரு கடைக்காரர் போட்டோ பார்த்துட்டு ஒண்ணு 3,000-ன்னு எடுத்துக்க ஒத்துக்கிட்டார்.

கேமராவோட வந்த பேட்டரி லெட்-ஆசிட் வகை. உப்பியிருந்தா, கசிஞ்சிருந்தா தனியா எடுத்து வைங்க, கேமராவோட சேர்த்து வெச்சா உடம்பையும் அரிச்சிடும்.

மிக்ஸரும் அப்படியே. கேசட் மாத்துற வேலைக்கு அது தேவையில்லை. ரிப்பேர் பண்ணாமலே 2,400-க்குக் கேட்டாங்க. ஹை8 கேமரா பார்ட்ஸுக்கு 800.

தூக்கிப் போடச் சொன்ன டிவிடி ரெக்கார்டர்

இந்த லாட்லயே எனக்குப் பிடிச்ச சாமான் இதுதான். பழைய விஎச்எஸ் சிக்னல் ஆடிக்கிட்டே வரும். டிவிக்கு அது பரவாயில்லை, சமாளிச்சுக்கும். கம்ப்யூட்டர்ல சேர்க்கிற கேப்சர் கருவி சமாளிக்காது. ஃப்ரேம் விட்டுடும், படம் மேல் பக்கம் வளையும், போகப் போக சத்தமும் உதடும் ஒத்துப் போகாது. சில டிவிடி ரெக்கார்டர்களுக்குள்ள வர்ற சிக்னலை நிலைப்படுத்தி அனுப்புற வேலை நடக்குது. டெக்ல இருந்து அதுக்குள்ள விட்டு, அதோட அவுட்புட்டை கேப்சர் கருவிக்குக் கொடுத்தா படம் நிக்கும். எல்லா மாடலும் செய்யாது. சில பானாசோனிக் மாடல்கள் இதுக்காகவே பேர் வாங்கினவை. டிஸ்க் படிக்காதது இங்கே ஒரு பொருட்டே இல்ல. இன்புட்ல போனது அவுட்புட்ல வந்தா போதும். ஒரு கேசட்டை ரெண்டு வழியிலயும் ஓட்டிப் பார்த்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும். செலவு சைபர்.

பார்த்தாங்க. வேலை செய்யுது.

மினி டிவி கேமராவுக்கு அடாப்டரும், வீட்டுல இருக்கிற பழைய டெஸ்க்டாப்புக்கு ஒரு ஃபயர்வயர் கார்டும் சேர்த்து 1,500. மினி டிவி டேப்ல இருக்கிறது ஏற்கெனவே டிஜிட்டல், அதனால ஃபயர்வயர் வழியா எடுத்தா தரம் குறையாம அப்படியே வரும். கையில 5 கேசட்தான், 1,750 ரூபாய் வருமானம். லாபம் சொற்பம். ஆனா அந்தச் சாமான் கையில நிக்கும், 2000-க்கு அப்புறம் நடந்த கல்யாணம் நிறைய இந்த டேப்லதான் இருக்கு. சரின்னு சொன்னேன். இந்த இடத்துல கணக்கு இழுபறிதான், வேற ஆடிட்டர் வேண்டாம்னுகூடச் சொல்லலாம்.

எஸ்-விஎச்எஸ் டெக்: 500 ரூபாய் கேள்வி

இதுதான் உண்மையிலேயே யோசிக்க வேண்டிய சாமான். ஓடினா 12,000-க்கு எடுத்துக்க ஒரு ஆள் ரெடி. இப்போ இருக்கிற நிலையில 3,000-க்குக் கேட்கிறாங்க. ரிப்பேர் 5,500. மேலோட்டமாப் பார்த்தா 12,000-ல 5,500 போனா 6,500, 3,000-ஐவிட டபுள், உடனே பண்ணிடலாம்னு தோணும்.

மெக்கானிக்கிட்ட ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "அண்ணே, இந்த மாதிரி பத்து டெக் வந்தா எத்தனையை எழுப்புவீங்க?" அஞ்சுன்னு சொன்னார். நேர்மையான மனுஷன்.

அப்போ கணக்கு மாறுது. பாதி வாய்ப்புல 12,000. மீதிப் பாதி வாய்ப்புல பிரிச்சுப் போட்ட டெக், பார்ட்ஸுக்கு 2,000. சராசரி 7,000. அதுல ரிப்பேர் செலவு 5,500 போனா மிச்சம் 1,500. சும்மா இருந்தாலே 3,000 வருதே! அப்படியே வித்துடறதுதான் சரி.

இங்கேயே நிறுத்தியிருந்தா அரைக் கணக்கு. அந்தப் பாதி வாய்ப்பு எங்கே இருந்து வருது? கெபாசிட்டர் கசிஞ்சு போர்டை அரிச்சிருக்கா இல்லையா என்பதுல இருந்து. அதைத் தெரிஞ்சுக்க முழு ரிப்பேர் தேவையில்லை. கவரைக் கழட்டி, சீரிஸ் போர்டுல பல்பு போட்டு மெதுவா பவர் கொடுத்து, போர்டைப் பார்க்கணும். அதுக்கு மட்டும் 500 ரூபாய் தரேன், வேற எதையும் தொடாதீங்கன்னு சொல்லலாம்.

போர்டு சுத்தமா இருந்தா (பாதி வாய்ப்பு): பாக்கி வேலைக்கு 5,000. இப்போ பத்துல ஒன்பது எழும்பும். 12,000-ல ஒன்பது பங்கு, 2,000-ல ஒரு பங்கு, சராசரி 11,000. செலவு போக 6,000.

போர்டு அரிச்சிருந்தா (மீதிப் பாதி): மூடி வெச்சு வித்துடலாம். திறந்த டெக்னு கொஞ்சம் குறைப்பாங்க, 2,500.

ரெண்டுக்கும் சராசரி 4,250. பார்த்ததுக்கான 500 போக 3,750.

அதாவது கண்ணை மூடிக்கிட்டு ரிப்பேர் பண்ணினா 1,500, அப்படியே வித்தா 3,000, பார்த்துட்டு முடிவு பண்ணினா 3,750. ரிப்பேர் பண்ணலாமா என்ற கேள்விக்கு "பண்ணலாம்", "வேண்டாம்" ரெண்டு பதில்தான்னு நினைக்கிறோம். "500 ரூபாய்க்கு மட்டும் பண்ணலாம்" என்பதுதான் பெரும்பாலும் சரியான பதில். நல்ல மெக்கானிக் இப்படிப் பிரிச்சு வாங்கிக்கச் சம்மதிப்பார். "மொத்தமா கொடுத்தாத்தான் கை வைப்பேன்"னு சொல்றவர்கிட்ட விட வேண்டாம்.

இந்தக் கணக்குல 12,000 என்ற எண் எங்கே இருந்து வந்ததுன்னு கவனிங்க. பேர் சொல்லி, போன் நம்பர் கொடுத்து, "ஓடினா எடுத்துக்கறேன்"னு ஒரு ஆள் சொன்னது. நெட்ல வெளிநாட்டு விற்பனைத் தளத்துல பார்த்த விலை இல்ல. அந்த மாதிரி தளத்துல கேட்கிற விலை வானத்துல இருக்கும், வித்த விலையைத் தனியா வடிகட்டிப் பார்த்தா பாதிகூட இருக்காது. இன்னொண்ணு, அமெரிக்காவுல விக்கிற டெக் என்டிஎஸ்சி முறை, நம்மளுது பால் முறை. அந்த விலையை வெச்சு இதுக்கு விலை சொல்றது, வேற ஊர் நில மதிப்பை வெச்சு நம்ம ஊர் மனையை விக்கிற மாதிரி.

மொத்தக் கணக்கு

ரிப்பேர் பண்ணாம வித்தது: கேமரா 6,000, மிக்ஸர் 2,400, ஹை8 800. மொத்தம் 9,200. செலவு: டெக் 700, மினி டிவி 1,500, கேப்சர் கருவி 1,300, எஸ்-விஎச்எஸ்ஸைத் திறந்து பார்க்க 500. மொத்தம் 4,000. கையில மிச்சம் 5,200. எஸ்-விஎச்எஸ் போர்டு சுத்தமா இருந்தா தேவைப்படுற 5,000 இதுக்குள்ளயே இருக்கு.

சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ஃபீஸ் பணத்துல இருந்து ஒரு ரூபாயும் எடுக்காதீங்க. முதல்ல விக்கிறது, அப்புறம்தான் ரிப்பேர். இந்தச் சாமானோட ரிப்பேர் செலவை இந்தச் சாமான்தான் கொடுக்கணும்.

போட்ட 18,000 திரும்பி வருமா? ரெண்டு ஹை8 கேசட் வெளியில போயிடுச்சு, மீதி 29. நாலு ஓடாதுன்னு வெச்சு, 25 கேசட்டுக்கு 350 போட்டா 8,750. முன்னாடி மிச்சம் 5,200 சேர்த்து 13,950. எஸ்-விஎச்எஸ் கைவிட்டா 2,500-க்கு அதை வித்து மொத்தம் 16,450, அதாவது 1,550 நஷ்டம். எழும்பி வித்தா 20,950, அதாவது 2,950 லாபம். ரெண்டு நிலையிலயும் ஓடுற விஎச்எஸ் டெக் ரெண்டும், மினி டிவி கேமராவும் வீட்டுல இருக்கும். தொழில்னு சொல்ல இது போதாது. அடுத்த 30 கேசட் வந்த பிறகு அதைப் பேசலாம்னு அவர்கிட்டயும் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எதைப் போடலாம், எப்படிப் போடலாம்

மானிட்டர் ரெண்டுல ஓடுறதை டெக்ல டிராக்கிங் சரி பார்க்க வெச்சுக்கலாம். மத்ததை ரிப்பேர் பண்ண வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். பிக்சர் டியூப் கண்ணாடியில ஈயம் இருக்கு. ஸ்விட்சை அணைச்ச பிறகும் டியூப்ல உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், பழக்கம் இல்லாதவங்க பின் மூடியைத் திறக்கவே கூடாது. செம்புக்காக ஒயரை எரிக்கிறது, தங்கம் எடுக்கறேன்னு போர்டை ஆசிட்ல போடுறது, ரெண்டும் உடம்புக்குக் கேடு. வீட்டுச் சாமான் போர்டுல இருக்கிற தங்கம் ஆசிட் செலவுக்கே காணாது. மின்கழிவுக்கு 2022 விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில இருக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள்கிட்ட கொடுங்க. காசு கம்மியா வரும், சில நேரம் வராது.

போடுறதுக்கு முன்னாடி ரிமோட், அடாப்டர், ஒரிஜினல் ஒயர், மேனுவல் எல்லாத்தையும் எடுத்து வைங்க. எடைக்குப் போட்டா ஒண்ணும் கிடைக்காது, தேடுறவனுக்கு அது தங்கம்.

வரி, ரெண்டே வரியில

உங்க வீட்டுல நீங்க பயன்படுத்தின ஹேண்டிகேமை வித்தா அது சொந்த உபயோகப் பொருள், லாபத்துக்கு வரி கிடையாது. ஆனா விக்கறதுக்குன்னே லாட்டா வாங்கி வித்தாலும், கேசட் மாத்திக் காசு வாங்கினாலும் அது தொழில் வருமானம். சின்ன அளவுல இருக்கும்போது உத்தேச வரி முறையில (விற்பனை 2 கோடி வரை) வங்கி, யுபிஐ வழியா வந்ததுல 6 சதவீதம், ரொக்கத்துல 8 சதவீதம் லாபம்னு காட்டிடலாம், தேய்மானக் கணக்கு தனியா வேண்டாம். சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு வருஷம் 20 லட்சத்தைத் தாண்டினாத்தான். இவங்க அதுக்கு ரொம்பத் தூரத்துல இருக்காங்க. ஒரு நோட்டுல வரவு செலவு எழுதி வெச்சா போதும்.

அந்த அட்டைப் பெட்டி

கடைசியா, லாட்டோட வந்த கேசட். எண்ணினா 46. ஸ்டுடியோக்காரர் வெச்சிருந்த மாஸ்டர் காப்பிகள், முதுகுல பேனாவால மாப்பிள்ளை பொண்ணு பேரும் தேதியும். வீட்டுக்காரர் இதை டெஸ்ட் பண்ணவும், மேல பதிவு பண்ணவும் வெச்சிருந்தார். ரெண்டும் வேண்டாம்னு போன்லயே சொல்லிட்டேன்.

முதல் காரணம், பூஞ்சை. கேசட் ஜன்னல் வழியா டேப் விளிம்புல வெள்ளைப் பொடி தெரிஞ்சா, அது நல்ல டெக்குக்குள்ள போய் ஹெட்டை அடைக்கும், அடுத்து போடுற கஸ்டமர் கேசட்டுக்கும் பரவும். 46-ல 11 அப்படித்தான் இருந்தது. அதையெல்லாம் தனிப் பையில கட்டி வைக்கச் சொன்னேன்.

ரெண்டாவது, அது இவங்க சொத்து இல்ல. 1957 காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான், வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும், அந்த வீடியோவோட முதல் உரிமையாளர். பிளாஸ்டிக் கேசட்டை வாங்கினதால உள்ளே இருக்கிற கல்யாணம் நம்மளுது ஆகாது. 'பழைய கல்யாணம்'னு யூடியூப்ல போடுற எண்ணமே கூடாது.

அந்த வீடுகளைத் தேடிக் கொடுக்கச் சொன்னேன். இலவசமா மாத்திக் கொடுக்க வேண்டியதில்லை, கேசட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துட்டு, வேணும்னா 350-க்கு மாத்தித் தரோம்னு சொல்லலாம். ஊர்ல ஒரு அம்மா, இறந்து போன கணவரோட குரல் இருக்கிற ஒரே கேசட் இதுதான்னு, பூஞ்சை பிடிச்ச கேசட்டைக் கேட்டு வந்திருக்காங்க. அதை இவங்க டெக்ல போட வேண்டாம், பூஞ்சை டேப்பைச் சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆள்கிட்ட அனுப்புங்கன்னு சொல்லியிருக்கேன். அது வரைக்கும் காத்து படுற, ஈரமில்லாத அலமாரியில, சுருள் சரியாம நிமிர்த்தி வெச்சிருக்காங்க.